ஒரு பெயர்ப் பலகையின் பிறந்த வீடு

எந்த ஊருக்குப் போனாலும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 'மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ்' என்று ஒரு பெயர்ப் பலகை கண்ணில் படும். "யாரப்பா இந்த முனியாண்டி? இத்தனை ஊரில் கடை வைத்திருக்கிறாரே, பெரிய பணக்காரரோ?" என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டேன். அப்பா சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் சென்ற தை மாதம் நானும் என் கணவரும் வடக்கம்பட்டிக்குக் கிளம்பினோம்.

மதுரைக்குத் தெற்கே திருப்பரங்குன்றம், திருமங்கலம், கள்ளிக்குடி என்று கார் ஓடியது. 1895-இல் வந்த பெரியாற்றுத் தண்ணீர் மேலூர்ப் பக்கத்து வயல்களைக் குளிர வைத்தது. இந்தப் பக்கமோ வானம் பார்த்த கரிசல். சோளமும் கம்பும் பருத்தியும் மழை மனசு வைத்தால்தான் உண்டு. மழை பொய்த்த வருஷம் ஆண்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்படி வெளியேறியவர்தான் சுப்பா நாயுடு. முனியாண்டி சாமியே அவர் கனவில் வந்து, நாலு பேருக்குச் சோறு போட்டுப் பிழைத்துக் கொள்ளச் சொன்னதாக ஊரார் சொல்கிறார்கள். 1930-களில் காரைக்குடியில் அவர் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். வெளியூரில் கறிச்சோறு வேண்டுமென்றால் 'மிலிட்டரி ஓட்ட'லைத் தேட வேண்டியிருந்த காலம் அது. சைவச் சாப்பாட்டுக்கு உடுப்பிக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதினார்கள். இவர் தம் ஊர்ச் சாமியின் பெயரை எழுதினார். கடை நன்றாக நடக்கவே, உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் அதே பெயரில் வேறு வேறு ஊர்களில் கடை திறந்தார்கள். அந்தக் கடைகள் இன்று தமிழ்நாட்டைத் தாண்டியும் பரவிவிட்டன.

திருவிழாவுக்காக அவர்களெல்லாம் கடையை அடைத்துவிட்டு வந்து சேருகிறார்கள். நாயுடுமார்களுக்குத் தை மாதம், ரெட்டியார்களுக்கு மாசி. தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்து கேட்கின்றன. பால்குடமும் பூத்தட்டும் ஏந்திப் பட்டுப் புடவைப் பெண்கள் போனது கண்கொள்ளாக் காட்சி! நேர்த்திக்கடனாக வந்த ஆடுகளும் சேவல்களும் இரவில் பிரியாணியாகின்றன. வரிசை வரிசையாக விறகடுப்பு, இடுப்பு உயரத்துக்கு அண்டாக்கள். ஊரில் கல்லாவில் உட்காருகிற முதலாளிகள் இங்கே வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிசி களைகிறார்கள்.

ஓர் அடுப்பின் அருகே எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பேச்சுக் கொடுத்தேன்.

"பதினஞ்சு வயசிலே மாமா கடைக்குப் போனேன், தாயி. முதல்லே எச்சில் இலை எடுத்தேன். அப்புறம் வெங்காயம் உரிச்சேன். அடுப்புப் பக்கம் விடவே மூணு வருசம் ஆச்சு. ஒருநாள் மாமாவே பாத்திரமும் கொஞ்சம் பணமும் குடுத்து, 'தனியாப் போயிப் பொழைச்சுக்கடா'ன்னுட்டாரு."

"கடைப் பெயருக்காக ஏதாவது கட்ட வேண்டுமா, ஐயா?"

"சாமி பேருக்கு யாரு தாயி வாடகை கேக்கிறது? தினமும் முதல் ஆள் சாப்பிட்ட காசைக் கல்லாவிலே சேர்க்க மாட்டோம். உண்டியல்லே போட்டுருவோம். அதுதான் இந்தத் திருவிழா."

அதுவரை பேசாமலிருந்த அந்த அம்மாள் மெல்லச் சிரித்தாள். "சாமிக்கு முதல் இலைக் காசு. எனக்கு என்ன மிச்சம்னு கேளு தாயி! கல்யாணமாகி வந்து பத்து வருசம், இவரு வீட்டிலே இருந்த நாளை விரல் விட்டு எண்ணிப்புடலாம். மூணு பிள்ளை பெத்தேன். ஒருத்தன் பிறந்தப்பவும் இவரு ஊரிலே இல்லை. காசு மட்டும் மாசம் தவறாம வரும். அதிலே மூணு பேரும் படிச்சாங்க. இப்போ ஒருத்தனும் கடைக்கு வரமாட்டேங்கிறான்."

பெரியவர் அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தார். பதில் பேசவில்லை.

விடியற்காலையில் சாமிக்குப் படைத்தானதும் ஊரே பந்தியில் உட்கார்ந்தது. பனி விலகாத அந்த வேளையில் ஆவி பறக்கும் பிரியாணி! இதுதான் பிரசாதம். ஜாதி, ஊர் எதுவும் கேட்காமல் இலை போடுகிறார்கள். என் பக்கத்து இலையில் அந்த அம்மாள். வாளியுடன் வந்த பெரியவர் அவள் முன்னால் நின்றார். நல்ல துண்டுகளாகப் பார்த்து வைத்தார்.

"போதும், போதும்" என்றாள்.

"பேசாமச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி வைத்தார்.

"ஊருக்கெல்லாம் வருசம் பூரா பரிமாறுறாரு. எனக்கு இந்த ஒரு நாள்தான்" என்று அவள் என் காதோடு சொன்னாள். சொன்னபோது குரலில் குறை இருந்தது, முகத்தில் இல்லை.

திரும்பும் வழியில் திருமங்கலத்தை நெருங்கும்போது அப்பாவை நினைத்துக் கொண்டேன். இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: முனியாண்டி பணக்காரர்தான் அப்பா, ஆனால் அவர் எடுத்துக்கொள்வது முதல் இலைக் காசு மட்டும். மற்ற இலைகளின் காசெல்லாம் கரிசல் காட்டில் ஒருத்தி தனியாக வளர்த்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.