பலசாலி ஓய்வு பெறுவது எப்படி?

சென்ற பருவத்தில் எங்கள் விளையாட்டு அறிவியல் வகுப்பில் ஓர் இடுபணி கொடுத்தார்கள். போட்டிக் களத்திலிருந்து விலகிய ஒரு விளையாட்டாளரைத் தேர்ந்தெடுத்து, அவர் எப்படி விலகினார், விலகிய பின் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் லீ சோங் வெய்யை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் நிக்கோல் டேவிட். இருவருமே 2019இல் ஓய்வு பெற்றவர்கள். செய்திகளும் பேட்டிகளும் குவிந்து கிடக்கின்றன, வேலை சுலபம். நான் டோனல்ட் டின்னி என்று எழுதிக் கொடுத்ததும் விரிவுரையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் இவர்?"

"1916இல் இறந்துபோன ஒரு ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர்."

வகுப்பே சிரித்தது. ஆனாலும் அனுமதி கிடைத்துவிட்டது.

இடைநிலைப்பள்ளியில் நான் குண்டு எறிந்தவள். மாவட்ட அளவைத் தாண்டிப் போனதில்லை. எறிவதை விட்டுவிட்டேனே தவிர, பளு தூக்குபவர்களின் காணொளிகளைப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. அப்படி ஒரு நள்ளிரவில், நாளை சோதனை இருக்கிறது என்பதையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஹைலண்ட் விளையாட்டுகள் எனக்கு அறிமுகமாயின.

ஹைலண்ட்ஸ் என்றால் நம்மவர்களுக்குக் கேமரன் மலையும் கெந்திங் மலையும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ஸ்காட்லாந்தின் மலைநாட்டை. கோடை வந்துவிட்டால் அங்கே ஊருக்கு ஊர் விளையாட்டு விழா. பைக்குழல் இசை, நடனம், ஓட்டப் பந்தயம் எல்லாம் உண்டு. ஆனால் திடலின் நடுவே கில்ட் கட்டிக்கொண்டு நிற்கும் மலை போன்ற மனிதர்களைப் பார்க்கத்தான் கூட்டம். அவர்களை அங்கே 'ஹெவீஸ்' என்றே அழைக்கிறார்கள். கல் எறிவார்கள். மரப்பிடி போட்ட சம்மட்டியை எறிவார்கள். 56 ராத்தல், அதாவது 25 கிலோவுக்குச் சற்று மேலான எடையை ஒரே கையால் தலைக்கு மேலே, உயரத்தில் கட்டிய குறுக்குக் கம்பியைத் தாண்ட வீசுவார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கேபர். கிளை கழித்த ஒரு முழு மரத்தின் முனையை உள்ளங்கைகளில் ஏந்தி, நிமிர்த்திப் பிடித்தபடியே ஓடி, தூக்கி எறிய வேண்டும். மேல்முனை தரையில் குத்தி, மரம் குட்டிக்கரணம் போட்டு விழ வேண்டும். எவ்வளவு தூரம் போனது என்பது கணக்கில்லை. எறிந்தவருக்கு நேர் எதிரே, கடிகாரத்தின் 12 மணியைப் போல நேராக விழுந்ததா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். உலகத்தில் இப்படி ஒரு விதியா என்று வியந்து போனேன்!

இந்த விளையாட்டுகளில் பல, வேலை செய்யும் இடத்தில் பிறந்தவை. அந்த 56 ராத்தல் ஒரு காலத்தில் சரக்கு நிறுத்த எடைக்கல். சில விழாக்களில் இன்னொன்றும் உண்டு. வைக்கோல் திணித்த சாக்கை, முள் வைத்த நீண்ட கழியால் குத்தி எடுத்து, உயரத்துக்கு வீசுவார்கள். அறுவடைக் காலத்தில் கதிர்க்கட்டை வண்டியில் ஏற்றும் வேலையேதான் அது. அதைப் பார்த்தபோது காணொளியை நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கால் வைக்கும் விதம், இடுப்பைத் திருப்பும் விதம், வீசிய பிறகு ஓர் எட்டுப் பின்னால் வைப்பது எல்லாமே எனக்குத் தெரிந்தவை. என் அப்பா முப்பது வருடமாகச் செய்வது அதைத்தான்.

அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரிக்குக் குலை ஏற்றுகிறார். கூர்மையான இரும்புக் கம்பியால் குலையைக் குத்தி லாரிக்குள் வீச வேண்டும். ஒரு குலை 20 கிலோ இருக்கும். வயதான மரத்துக் குலை என்றால் அதற்கும் மேல். டன் கணக்குக்குக் கூலி. மழை பெய்து லாரி உள்ளே போக முடியாத நாளில் கூலியும் இல்லை. அவருடைய வலது தோள் இடது தோளைவிடப் பெரிதாக இருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவருக்கு 54 வயது. இரண்டு வருடமாக இடுப்பு வலி. காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். "போதுங்க, நிறுத்திடுங்க" என்று அம்மா சொல்லாத நாளில்லை. "அடுத்த வருசம் பாக்கலாம்" என்பார். சென்ற வருடமும் அதையேதான் சொன்னார்.

டின்னியின் கதைக்கு வருகிறேன். 1837இல் அபர்டீன்ஷயர் வட்டாரத்தில், அபோய்ன் என்ற ஊருக்கு அருகே பிறந்தவர். அவருடைய தந்தை ராபர்ட் டின்னி ஒரு கல் கொத்தனார், அவரும் பலசாலிதான். தங்கள் வட்டாரத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவரும்கூட. மகனும் கொத்து வேலைதான் கற்றார். 16 வயதில் உள்ளூர் மல்யுத்தப் போட்டி ஒன்றில் வென்றது தொடக்கம்.

அவரை இன்றுவரை உலகம் நினைப்பதற்குக் காரணம் இரண்டு கருங்கற்கள். டீ நதியின்மேல் பொட்டார்க் என்ற இடத்தில் ஒரு பாலம் இருக்கிறது. பாலத்தைப் பராமரிக்கச் சாரம் கட்டியபோது எதிர்ப்பாரமாகப் பயன்பட்ட, இரும்பு வளையம் மாட்டிய கற்கள் அவை. ஒன்று 188 கிலோ. மற்றது ஏறக்குறைய 144 கிலோ. 1860இல் டின்னி ஒரு கைக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிக்கொண்டு பாலத்தின் அகலம் முழுவதும், ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், நடந்தார் என்பது வரலாறு. டின்னி கற்கள் என்று பெயர் பெற்ற அவை இன்னும் பொட்டார்க்கில்தான் இருக்கின்றன. பல நாடுகளிலிருந்து பலசாலிகள் வந்து தூக்கிப் பார்க்கிறார்கள். நடக்கக்கூட வேண்டாம், தரையிலிருந்து எழுப்பினாலே பெருமை. 2018இல் லீ ஹோலண்ட்-கீன் என்ற பெண் கைப்பட்டை எதுவும் இல்லாமல் தூக்கினார். அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நம் சங்கத்து அண்ணன்மார் சிலர் "நம்ம இளவட்டக்கல் மாதிரியா?" என்று கேட்டார்கள். மாதிரிதான். ஆனால் என் இடுபணி தூக்குவதைப் பற்றி இல்லையே, நிறுத்துவதைப் பற்றியல்லவா!

அங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. டின்னி நிறுத்தவேயில்லை. ஹைலண்ட் களத்தில் வென்றவருக்குக் கையில் காசு. அதை வைத்தே அவர் வாழ்ந்தார். 1870இல் அமெரிக்கா போனார். அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய விழாக்களில் எறிந்தார், தூக்கினார், மல்யுத்தம் செய்தார். 1882இல் மறுபடியும் கிளம்பினார். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று சுற்றிவிட்டு, நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் தாயகம் திரும்பினார். அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். நிறையக் காசு பார்த்த மனிதர். ஆனால் அந்தக் காசு முதுமைவரை கூட வரவில்லை.

அவர் பெயருக்கு மட்டும் குறைவில்லை. பார் நிறுவனம் தன் ஐயர்ன் புரூ பானத்துக்கு அவரை வைத்து விளம்பரம் செய்தது. முதல் உலகப் போரில் வீரர்கள் பெரிய பீரங்கிக் குண்டுகளுக்கு 'டோனல்ட் டின்னி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மனிதரோ எழுபது வயதைக் கடந்த பிறகும் லண்டனில் மேடையேறிக்கொண்டிருந்தார். ஒரு மேசையைத் தாங்கிப் பிடிப்பார். அதன்மேல் நடனக்காரர்கள் ஆடுவார்கள். இந்த வயதில் இது ஆபத்து என்று கடைசியில் நகர மன்றம்தான் தடுத்தது.

இடுபணிப் படிவத்தில் 'ஓய்வு பெற்ற ஆண்டு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'பெறவில்லை, நிறுத்தப்பட்டார்' என்று எழுதினேன்.

எழுதிவிட்டு அந்தச் சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஓய்வை நாம் 'பெறுகிறோம்'. பெறுவது என்றால் கொடுக்க ஒருவர் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது மாலை, பொன்னாடை, பிரியாவிடை விருந்து எல்லாம் நடந்தன. மாதம் தவறாமல் ஓய்வூதியமும் வரும். எறிந்ததற்குக் காசு, ஏற்றியதற்குக் கூலி என்று இருப்பவருக்கு ஓய்வை யார் கொடுப்பது? வகுப்பில் நாங்கள் விளையாட்டாளரின் அடையாள இழப்பு, மனச்சோர்வு என்று மூன்று வாரம் பேசினோம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் டின்னியைப் படித்தபோது, அவற்றுக்கெல்லாம் முன்னால் அடுத்த மாத வாடகை நிற்கிறது என்று பட்டது.

எல்லாருக்கும் டின்னியின் கதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுக் காட்ட இன்னொருவரையும் எழுதினேன். ஜெஃப் கேப்ஸ் ஆங்கிலேயர். 1949இல் லிங்கன்ஷயரில் பிறந்தவர். காவல்துறையில் இருந்துகொண்டே குண்டு எறிந்தார். 1974, 1978 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம். 1980இல் அவர் எறிந்த 21.68 மீட்டர், 2003 வரை பிரிட்டனின் சாதனையாக நின்றது. (என்னுடைய தூரத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன்.) காசு வாங்கியவர் ஒலிம்பிக் பக்கம் வரக்கூடாது என்றிருந்த காலம் அது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஐந்தாவதாக வந்த பிறகு, காசு கிடைக்கும் பக்கம் வந்தார். ஆறு முறை உலக ஹைலண்ட் வெற்றியாளர். 1983, 1985 ஆண்டுகளில் 'உலகின் மிகப் பெரிய பலசாலி' பட்டமும் அவருக்குத்தான்.

இந்த ஆறரை அடி மனிதருக்கு இன்னொரு பித்து இருந்தது. பட்ஜெரிகார், அதாவது நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கி வளர்க்கிறோமே, அந்தச் சின்னக் கிளிகளை வளர்ப்பது. காவல்துறையில் இருந்தபோதே ஏற்பட்ட ஆசையாம். போட்டிகளை விட்ட பிறகு கண்காட்சிகளில் தன் பறவைகளைக் கொண்டு வென்றார். 2008இல் பட்ஜெரிகார் வளர்ப்போர் சங்கத்துக்கே தலைவர். 2024 அக்டோபரில், 75 வயதில் காலமானார். கேப்ஸ் டின்னியைவிட விவேகமானவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சம்பளம், தொலைக்காட்சி வந்துவிட்ட காலம், கையில் கட்டாந்தரைக்கு வெளியே ஒரு விருப்பம், இவை மூன்றும் அவருக்கு வாய்த்தன.

தீபாவளி விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது இரண்டு கதைகளையும் அப்பாவிடம் சொன்னேன். வாசலில் உட்கார்ந்து அம்மா அவருக்கு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா கதை கேட்கும் ஆளில்லை. கணக்குக் கேட்கும் ஆள்.

"கையில கயிறு சுத்திக்கிட்டா தூக்குனாரு?"

"இல்லப்பா, வெறுங்கை."

"ரெண்டும் ஒரே எடையா?"

"இல்ல. ஒண்ணு 188, இன்னொண்ணு 144."

"அதாம்மா கஷ்டம்" என்றார். "ரெண்டு பக்கமும் சமமா இருந்தா இடுப்பு தாங்கிடும். ஒரு பக்கம் கூடப் போச்சுன்னா மறுநாள் எந்திரிக்க முடியாது."

அந்தக் கற்களைத் தூக்கியவர்கள் பலரும் சொல்வதும் இதைத்தான். நான் புத்தகத்திலும் காணொளியிலும் தேடி எடுத்ததை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிட்டார்.

எழுபது வயதில் மேசை தூக்கிய கதையைச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் கோபப்பட்டார். "ஏன், அவருக்குப் புள்ளைங்க இல்லையா?" என்றார். அம்மா தைலம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கல்விக் கடனில் என் விடுதிச் செலவு ஓடுகிறது. தம்பி இப்போது படிவம் ஐந்து. அப்பாவின் 'அடுத்த வருசம்' எந்தக் கணக்கில் வருகிறது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பட்டமளிப்பு விழா அடுத்த வருடம்தான்.

கேப்ஸ் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். "அவ்ளோ பெரிய ஆளு லவ் பேர்ட்ஸ் வளத்தாரா?" சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "குருவி எல்லாம் வேணாம். பின்னால எடம் சும்மாதான் கெடக்கு. நாலு ஆடு வாங்கி விட்டா என்ன?" என்றார் அம்மாவிடம். நிறுத்துவதைப் பற்றி அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அம்மா உடனே, "ஆட்டுக்குத் தழை யாரு வெட்டுறது? அதையும் தூக்கிட்டு வரணுமே" என்றார். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. முன்பே யோசித்து வைத்திருக்கிறார் போலும்.

மார்ச் மாதத்தில் அவருக்கு 55 வயது நிறைகிறது. ஊழியர் சேமநிதி அலுவலகத்துக்குத் தன்னோடு வரச் சொல்லியிருக்கிறார். "பாரத்தை எல்லாம் நீதான் நெரப்பித் தரணும்" என்று தொலைபேசியில் இரண்டு முறை சொல்லிவிட்டார். எவ்வளவு எடுப்பது, எவ்வளவு உள்ளேயே விடுவது, தம்பியின் படிப்புக்கு எவ்வளவு, ஆட்டுக் கொட்டகைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கணக்கு இடிக்கிறது. அதுவரை காலை ஆறரைக்கு லாரி வந்துகொண்டுதான் இருக்கும்.