ரிப்பேர் வேற, மீட்பு வேற

டேபிள் கரப்ட் ஆனதும் உங்க கை முதல்ல எங்கே போகும்? கூகுளுக்கு. அங்கிருந்து நேரா 'ரிப்பேர் டேபிள்' கட்டளைக்கு. கொஞ்சம் நிறுத்துங்க. மைஎஸ்க்யூஎல்லில் அந்தக் கட்டளை மைஐசாம் மாதிரி சில வகை டேபிள்களுக்குத்தான். இப்போ நாம வழக்கமா உருவாக்கும் இன்னோடிபி டேபிளுக்கு அது வேலை செய்யாது. வேலை செய்யும் இடத்திலும், படிக்க முடியாத ரெக்கார்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு 'சரியாயிடுச்சு' என்று சொல்ல வாய்ப்பு உண்டு. நமக்கு வேண்டியதே அந்த ரெக்கார்டுகள்தானே!

எங்க என்எஸ்எஸ் குழுவின் ரத்த தானப் பட்டியலில் 1,240 பேர். பெயர், துறை, ரத்த வகை, போன் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. பழைய லேப் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, டேபிளைத் திறந்தாலே சர்வர் விழுந்தது. பேக்கப் இல்லையான்னு கேப்பீங்க. இருந்தது. கடைசி ஏழு நாள் ஃபைல்களை மட்டும் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட். ஏழும் சைபர் கேபி.

முதல் வேலை, நகல். டிடிரெஸ்க்யூ என்ற கருவி, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப்போய் மிச்சத்தை வேறு டிஸ்க்கில் எழுதித் தரும். அதன்பின் எல்லா சோதனையும் நகலில்தான்.

அடுத்து 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி'. 1 முதல் 6 வரை அளவு உண்டு. 1-ல் தொடங்குங்க. 4-ம் அதற்கு மேலும் டேட்டாவை நிரந்தரமாகக் கெடுக்கலாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே எச்சரிக்குது. எங்களுக்கு 1-லேயே சர்வர் எழுந்தது. ஆனா மொத்த டேபிளையும் கேட்டால் பாதியில் நின்றது.

இன்னோடிபி ரெக்கார்டுகளைப் பிரைமரி கீ வரிசையில், 16 கேபி பேஜ்களாக வைக்கும். கெட்டது ஒரு பேஜ் என்றால் அதன் இரு பக்கமும் நல்லாத்தான் இருக்கும். முன்னாலிருந்து கேட்டோம், 610 வரை வந்தது. இறங்கு வரிசையில் பின்னாலிருந்து கேட்டோம், 689 வரை வந்தது. நடுவில் 78 பேர் இல்லை.

அப்பதான் இன்டெக்ஸ் ஞாபகம் வந்தது. ரத்த வகை, போன் நம்பர் இரண்டுக்கும் சேர்த்து யாரோ ஒரு சீனியர் இன்டெக்ஸ் போட்டிருந்தார். அந்த மதிப்புகளின் நகல் இன்டெக்ஸின் தனிப் பேஜ்களில் இருக்கும். அந்த இரண்டை மட்டும் கேட்டால், கெட்டுப்போன பேஜைத் தொடவே வேண்டாம். 78 நம்பரும் வந்தது!

பெயரும் தேதியும் வரவில்லை. "பழைய தேதி ஒண்ணைப் போட்டு நிரப்பிடலாம்டா" என்றான் ஒரு நண்பன். ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட்டுத்தான் மறுபடி ரத்தம் கொடுக்கணும். பொய்த் தேதியை நம்பி நடுராத்திரியில் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தால்? தேதி காலியாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

பிறகு ஒவ்வொருவருக்காக போன். "அண்ணா, உங்க பேர் எங்ககிட்ட இல்ல. நீங்க பி நெகட்டிவ்னு மட்டும் தெரியும்." சிலர் சிரித்தார்கள், சிலர் சந்தேகப்பட்டார்கள். 71 பேர் விவரம் சொன்னார்கள். ஏழு பேர் எடுக்கவில்லை. அவர்கள் பெயர் இன்றும் காலிதான்.

நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்க பேக்கப்பை இந்த வாரமே வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்க. ஃபைல் இருக்கான்னு பார்த்தா போதாது, ரெக்கார்டை எண்ணுங்க.