மெஷினுக்கு மேனுவல் இருக்கு... மனுஷனுக்கு?

கேம்பஸ்ல செலக்ட் ஆயிட்டீங்களா? வாழ்த்துகள் பாஸ்! ட்ரீட்டை அப்புறம் பேசிக்கலாம். இப்போ ஒரு கேள்வி. நாலு வருஷம், எட்டு செமஸ்டர், அரியரோட சேர்த்து எத்தனையோ பேப்பர் எழுதியிருப்பீங்க. உங்க அம்மா வயசுல இருக்கிற ஒருத்தர்கிட்ட வேலை வாங்குறது எப்படின்னு அதுல ஏதாவது ஒரு பேப்பர் சொல்லிக் கொடுத்ததா?

சேலம், நாமக்கல் பக்கம் மெக்கானிக்கலோ டெக்ஸ்டைலோ முடிச்ச நிறையப் பேருக்கு முதல் வேலை நூல் மில் சூப்பர்வைசர்தான். 21 வயசு. கழுத்துல டேக், கையில நோட்டு, கீழே நாற்பது பேர்! நாமக்கல் லாரி ஓனர்கள்ல பலபேர் கிளீனரா ஏறி, டிரைவராகி, அப்புறம் சொந்த வண்டி வாங்கினவங்க. டிரைவருக்கு எந்நேரம் கண்ணு சொருகும்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நமக்கு அந்தப் படிக்கட்டு கிடையாது. நேரா மாடியில தூக்கி வச்சிடுறாங்க.

நானும் அப்படி ஒரு மில்லுலதான் சேர்ந்தேன் (பேர் வேண்டாமே!). ரிங் பிரேம் டிபார்ட்மென்ட். முதல் மாசம் முழுக்க மெஷின் பாடம். ஸ்பிண்டில் வேகம், டிராஃப்ட், ஈரப்பதம்... ஆளுங்களைப் பத்தி மேனேஜர் சொன்னது ஒரே வரி: 'இடம் கொடுத்தா தலையில ஏறிடுவாங்க தம்பி.'

அங்கே தர்மபுரிப் பொண்ணு ஒண்ணு சைடரா இருந்துச்சு. மில் ஹாஸ்டல்லதான் தங்கல். நல்ல கை. இழை அறுந்தா கண் மூடித் திறக்கிறதுக்குள்ள ஒட்டிடும். திடீர்னு ஒரு வாரமா அது பார்க்கிற சைடுல மட்டும் அறுந்த இழை அப்படியே கிடக்குது. 'தூங்குறதுக்கா சம்பளம்?'னு ஒரு சூப்பர்வைசர் கத்திட்டுப் போனார். அப்புறம் வந்தவர் இன்னொரு சீனியர். டிப்ளமோ படிச்சவர், எங்க எல்லாருக்கும் அண்ணன். பக்கத்துல நின்னு நாலு இழையை அவரே ஒட்டிட்டு, 'சாப்பிட்டியா கண்ணு?'ன்னார். அவ்வளவுதான், பொலபொலன்னு கொட்டிடுச்சு. பகல் ஷிப்டுல இருந்த பொண்ணை சொல்லாம கொள்ளாம முழு நைட்டுக்கு மாத்தியிருக்காங்க. பகல்ல ரூமுக்கு மத்த ஷிப்ட் பொண்ணுங்க வர்றதும் போறதுமா தூக்கமே இல்ல. அண்ணன் வார்டன்கிட்ட பேசி, நைட் ஷிப்ட் பொண்ணுங்களை ஒரே ரூம்ல போட வச்சார். பத்து நாள்ல சைடு பழையபடி சுத்தமாயிடுச்சு.

அண்ணனுக்கு அது பிறவிக் குணம்னு நினைக்காதீங்க. முன்னாடி இருந்த மில்லுல அவருக்கு வகுப்பு எடுத்திருக்காங்க. அதோட பூர்வீகத்தைத் தேடினா 1940-ம் வருஷத்து அமெரிக்கா வரைக்கும் போகுது. போர்க் காலம். ஃபேக்டரியில தொழிலாளியும் புதுசு, சூப்பர்வைசரும் புதுசு. அப்போ 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி'ன்னு அரசாங்கமே ஒரு திட்டம் ஆரம்பிச்சது. அதுல 'ஜாப் ரிலேஷன்ஸ்'னு ஒரு கோர்ஸ். மொத்தமே பத்து மணி நேரம்தான்! வர்றவங்க தன் டிபார்ட்மென்ட்ல நிஜமா இருக்கிற ஒரு பிரச்னையோட வரணும். அதை வச்சுத்தான் பாடம். நல்லா செஞ்சா உடனே பாராட்டணும், வேலை எப்படிப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியப்படுத்தணும், மாற்றம் வருதுன்னா முன்கூட்டியே சொல்லணும், திறமையை வீணாக்கக் கூடாது. பிரச்னைன்னா முதல்ல விவரம் சேகரிக்கணும். அவங்க மனசுல என்ன இருக்குங்கிறதும் ஒரு விவரம்தான். போர் முடிஞ்சதும் இது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா வரைக்கும் பயன்பட்டது. தர்மபுரிப் பொண்ணு விஷயத்துல யாருமே செய்யாதது அந்த 'முன்கூட்டியே சொல்லணும்'தான்!

'நைஸா பழகுங்க'ங்கிற ரகமான அட்வைஸ்தானேன்னு தள்ளிடாதீங்க. 2021 ஜனவரியில திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலையில வேலை பார்த்த ஒரு இளம்பெண் கொலையானாங்க. கைதானது அவங்க சூப்பர்வைசர். அதுக்கப்புறம் நடந்த போராட்டத்தால 2022 ஏப்ரல்ல 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. பெண்களே முன்னின்று நடத்துற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியும் கையெழுத்துப் போட்டாங்க. தொழிலாளியில இருந்து மேலதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் பயிற்சி. ஆனா வகுப்பு எடுத்தோம், முடிஞ்சதுன்னு விடல. தொழிலாளிகள்லயே கண்காணிப்பாளர்கள், புகார் சொன்னவங்களைப் பழிவாங்கக் கூடாதுன்னு விதி. எனக்கு இந்த ரெண்டாவது பாதிதான் ரொம்ப முக்கியமாப் படுது. பயிற்சி எடுத்த சூப்பர்வைசர் கேட்கத் தயாரா இருக்கலாம். பேச பயமா இருந்தா எதிர்ல இருக்கிறவங்க எப்படி வாயைத் திறப்பாங்க?

ஹெச்.ஆர். ரவுண்ட் முடிவுல 'எனி கொஸ்டின்ஸ்?'னு கேட்பாங்க இல்லையா? சம்பளத்தைக் கேட்ட கையோட, 'ஆளுங்களோட பழகுறதுக்கு சூப்பர்வைசருக்கு எத்தனை நாள் டிரெய்னிங்?'னும் கேட்டுப் பாருங்க. முழிச்சாங்கன்னா அதுவும் ஒரு பதில்தான். இன்-பிளான்ட் டிரெய்னிங் போனா, ஒரு அரை மணி நேரம் மெஷினை விட்டுட்டு ஒரு சைடர் பின்னாடியே நடங்க. கால் வலி தானே பேசும்.

இப்போ நம்ம மில்லுங்கள்ல ஒடிசா, பீகார்ல இருந்து வந்தவங்களும் நிறைய. 'சாப்பிட்டியா கண்ணு?'வை அவங்க பாஷையிலயும் கேட்கணுமே! இந்தியில 'கானா காயா?' வரைக்கும் தேத்திட்டேன். ஒடியாவுக்கு எங்க டாஃபிங் தம்பிதான் வாத்தியார். நான் பேசுறதைக் கேட்டு இன்னும் சிரிச்சிட்டுத்தான் இருக்கான்.