சிவகாமியின் பட்டை நெய்தது யார்?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவு ஊர். அங்கே ஒரு வாசகி இருக்கிறாள். பி.காம். இரண்டாம் வருடம். சரித்திர நாவல் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு.

ஆனால் அவளுடைய ஒரு கருத்து வகுப்பில் யாருக்கும் பிடிப்பதில்லை. 'பொன்னியின் செல்வ'னைவிட 'சிவகாமியின் சபதம்'தான் பெரிய நாவல் என்பாள். மணிரத்னம் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாகப் படம் எடுத்தபிறகு பொன்னியின் செல்வனைக் குறை சொல்வதற்குத் தனி தைரியம் வேண்டும். வந்தியத்தேவன் ரசிகர்கள் அடிக்க வராததுதான் பாக்கி :-)

அவள் சொல்லும் காரணம் எளிமையானது. பொன்னியின் செல்வனில் ஐந்து பாகம் படித்தபின் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட நிறைவு வரும். ஆதித்த கரிகாலன் சாகிறான், மணிமேகலை சாகிறாள், நந்தினி போய்விடுகிறாள்... எல்லாம் கடைசியில் ஒரு முடிசூட்டு விழாவில் கரைந்துவிடும். சிவகாமியின் சபதத்தில் எதுவும் கரைவதில்லை. வாதாபி எரிந்தால்தான் ஊர் திரும்புவேன் என்கிறாள் சிவகாமி. சபதம் நிறைவேறுகிறது. நிறைவேறி என்ன? திரும்பி வந்து பார்த்தால் மாமல்லனுக்குப் பாண்டியன் மகளோடு கல்யாணம் ஆகி, பிள்ளைகுட்டியும் ஆகியிருக்கிறது. ஏகாம்பரநாதருக்கே தன்னைக் கொடுத்துவிட்டுக் கோயிலில் ஆடுகிறாள். அப்பர் பெருமானிடம் படிக்கப் புறப்பட்டு வந்த பரஞ்சோதி, படை நடத்திப் பெற்ற வெற்றிக்குப்பின் வாளைத் தூக்கிப் போட்டுவிட்டு சிறுத்தொண்டர் ஆகிறான். ஜெயித்தவர்கள் எல்லாரும் தோற்று நிற்கிற கதை அது. கல்கி 1944 முதல் 1946 வரை அதை எழுதினார். உலக யுத்தம் நடந்து முடிந்த வருஷங்கள். நான்காம் பாகத்துக்கு 'சிதைந்த கனவு' என்று பெயர் வைத்தவருக்கு தான் என்ன எழுதுகிறோம் என்று தெரிந்தே இருந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை வகுப்பில் சொல்லமாட்டாள். அந்த நாவலின் நடுவில் இருப்பது ஒரு தொழிலாளியின் வீடு. ஆயனச் சிற்பி ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. கல் செதுக்குகிறவர். ஊரைச் சுற்றி யுத்தம் வருகிறது, மனுஷனுக்கு அஜந்தா வர்ணம் மங்காமல் இருக்கிற ரகசியம் என்ன என்பது ஒன்றுதான் கவலை! படிக்கிற பலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஐயம்பேட்டையில் தெரியாது. சாயம் நிற்குமா ஓடுமா என்பதை வைத்துத்தான் ஒரு தெருவுக்கே மரியாதை அங்கே. அரக்குக் கரையின் சாயம் உடலில் இறங்கிவிட்டால் ஒரு சேலையின் கூலி போயிற்று. அவளுடைய அப்பா, ஆயனர் வருகிற அத்தியாயங்களை மட்டும் அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லித் தறியில் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறார். அரசியல் வந்தால், "அத விடும்மா, ஆயனரு என்ன ஆனாரு, அதச் சொல்லு" என்பார்.

தாத்தா வேறு கட்சி. சாண்டில்யன் பக்தர். குமுதத்தில் வந்த 'கடல் புறா'வை வாரா வாரம் கிழித்து, லதாவின் படங்களோடு பைண்டு பண்ணி வைத்திருக்கிறார். கருணாகர பல்லவன் என்றால் அவருக்குத் தன் பங்காளி மாதிரி. ஒரு பெண் மாடிப்படி இறங்கிவர சாண்டில்யனுக்கு மூன்று பக்கம் ஆகும், அதற்குள் ஒரு முழம் நெய்துவிடலாம் என்று அவள் கிண்டல் செய்வாள். கப்பலும் காற்றும் கடலும் சாண்டில்யனுக்குத்தான் வரும், கல்கிக்கு வராது என்பார் தாத்தா. அதில் நியாயம் இருப்பதை அவளும் ஒப்புக்கொள்வாள்.

காஞ்சிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு காஞ்சிக் கதையைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மணிமங்கலம், புள்ளலூர் என்று வருகிற போர்க்களங்கள் எல்லாம் காதுக்குப் பழகிய ஊர்ப்பெயர்கள். ஐஹொளே கல்வெட்டு (634) பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்தேன் என்கிறது. பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடோ மகேந்திரன் புள்ளலூரில் எதிரிகளை வென்றான் என்கிறது. இரண்டு பக்கமும் ஜெயித்திருக்கிறார்கள், பழைய யுத்தங்களில் இது சகஜம். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் சுற்றினால் ஏமாற்றம்தான். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன், மாமல்லனின் கொள்ளுப்பேரன். ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலம், 1509. சிவகாமி பார்த்த காஞ்சியில் இன்றைக்கு வெறுங்கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் மிகக் குறைவு. அவள் தேடியது கோபுரத்தை அல்ல என்பது வேறு விஷயம்.

ஒரு லீவு நாளில் தாத்தாவிடம் கேட்டேவிட்டாள்.

"தாத்தா, இத்தன நாவல்ல ராஜா, ராணி, ஒற்றன், பிக்ஷு, ஓடக்காரப் பொண்ணு எல்லாம் வருதே. அத்தன பேரும் பட்டு கட்டறாங்க. நெய்யறவன் ஒருத்தன்கூட வரலையே, ஏன்?"

"நெய்யறவன் கதைய எவன் படிப்பான் கண்ணு? நமக்கே நம்ம கத புடிக்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவளுக்கு அது சிரிப்பாக இல்லை. கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒருவர் கை போதாது, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் அந்த ஆள் அவள். அண்ணன் தறிக்குழியில் இறங்காமல் ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறிவிட்டான். அப்பாவோடு அந்த வீட்டுத் தறி நின்றுவிடும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நிற்கப் போகிற ஒன்று கதையிலாவது இருக்க வேண்டாமா?

கல்கிக்காக வாதாடுகிறவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சரித்திர நாவல் எழுத ஆதாரம் வேண்டும், ஆதாரம் எல்லாம் ராஜாக்கள் வெட்டி வைத்தது, அதில் நெசவாளி எங்கே இருப்பான் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சரியில்லை.

சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. ஆட்சியின் 16ஆம் ஆண்டு, அதாவது 985-ஐ ஒட்டி. உத்தம சோழன் யார்? பொன்னியின் செல்வனில் அத்தனை கலவரத்துக்கும் காரணமான அதே சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர். கல்கி அவரைப் பூக்கட்டுகிற சேந்தன் அமுதன் ஆக்கிவிட்டார், அழகான கற்பனை. ஆனால் நிஜ உத்தம சோழனின் செப்பேடு பேசுவது காஞ்சியைப் பற்றி, ஊரகம் உலகளந்த பெருமாள் கோயிலின் வரவு செலவு பற்றி. கோயிலுக்கு வந்த பொன், அது யாரிடம் வட்டிக்கு இருக்கிறது, எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று போகிறது. அந்தக் கோயில் காரியத்தை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு யாரிடம் தரப்பட்டது தெரியுமா? காஞ்சியில் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த பட்டசாலிகளிடம். நெசவாளர்களிடம்!

பி.காம். படிக்கிற பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தறிக்காரர்கள் கோயில் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். பொன்னியின் செல்வன் எழுதுமுன் சோழர் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்தவர் கல்கி. உத்தம சோழன் பட்டத்துக்கு வந்த கதைக்கு ஐந்து பாகம் எழுதினார், அந்த ராஜாவின் காஞ்சி நெசவாளிகளுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கவில்லை. கல்கி என்ன செய்வார் பாவம், வாசகர்கள் கேட்டது அரண்மனையை. காஞ்சியிலேயே நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1942-இல் அங்கிருந்தே 'திராவிட நாடு' நடத்திய அண்ணாவின் 'கலிங்கராணி'யும் அரண்மனைக் கதைதானே.

நெசவாளி வருகிற கதைகள் இல்லாமல் இல்லை. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் வந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கைத்தறிக்காரர்கள், நூல் கிடைக்காத கொடுமை, பட்டினி. செக் மொழிக்கெல்லாம் போன நாவல். பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச்சேலை நெய்ய வாயில் பட்டு நூலை ஒளித்து எடுத்துவருவார் பிரகாஷ்ராஜ். தேசிய விருது வாங்கிய நடிப்பு. இரண்டிலும் பொய் இல்லை, அந்தப் பட்டினியை ஐயம்பேட்டையில் அனுபவித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருந்தாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. சரித்திர நாவலில் நெசவாளி இல்லவே இல்லை, சமூக நாவலில் வந்தால் பசியோடுதான் வருகிறான். கணக்குப் பார்த்தவன், கோயில் பொறுப்பில் இருந்தவன், சாமர்த்தியசாலி, கொஞ்சம் கஞ்சன், பங்காளிச் சண்டை போடுகிறவன்... அவன் எங்கே?

டால்ஸ்டாய் நெப்போலியன் யுத்தத்தை எழுதும்போது தளபதிகளோடு நிற்காமல் பிளாட்டோன் கராத்தேயெவ் என்ற குடியானவச் சிப்பாயையும் கொண்டுவந்தார். 'போரும் வாழ்வும்' என்று டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்ததைப் படித்தவர்களுக்கு பியர் அவனிடம் கற்றது மறக்காது. அவ்வளவு தூரம் போகாமல் தமிழிலேயே பிரபஞ்சன் இருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை வைத்துக்கொண்டு 'மானுடம் வெல்லும்' எழுதினார். துபாஷிகள், தாசிகள், வியாபாரிகள், அடிமையாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் எல்லாரும் அதில் மனுஷர்களாக வருகிறார்கள். அதன் தொடர்ச்சியான 'வானம் வசப்படும்' 1995-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது.

அந்த 'மானுடம் வெல்லு'மை நூலகத்திலிருந்து எடுத்துவந்து தாத்தாவிடம் கொடுத்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறார். நாற்பது பக்கம் தாண்டியதும் கூப்பிட்டார்.

"ஏம்மா, நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா இன்னும் ஒருத்தனும் வாள உருவலையே?"