பள்ளிவாசலுக்குக் கீழே ஒரு கிணறு

எங்கள் பள்ளிவாசல் மலசலகூடத்துக்குப் படம் கீறியவன் நான்தான். பிபிலையிலிருந்து மொனராகலைக்கு வரும் பாதையை விட்டு உள்ளே ஒதுங்கிய சின்ன ஊர். "மாஸ்டர் படிச்சவர், அவரே கீறட்டும்" என்றார்கள் ஜமாஅத்தார். கலாசாலையில் விஞ்ஞானம் படித்த மிதப்பில் நானும் கீறினேன். மலசலகூடக் கழிவும் வுழூச் செய்த தண்ணீரும் ஒரே செப்டிக் தாங்கிக்கு, அங்கிருந்து ஊறுகுழிக்கு. பள்ளத்தில் ஒரு மாமியின் கிணறு இருந்தது. தூரத்தை அளக்க எனக்குத் தோன்றவில்லை.

மாரி பிறந்ததும் குழி பொங்கியது. பவுசர் பிடித்து இறைத்தோம். பத்தே நாளில் மறுபடியும் பொங்கிற்று. "இந்த மண் தண்ணி குடிக்காது" என்று ஊர் தீர்ப்புச் சொன்னது.

மண்ணில் பிழையில்லை. செப்டிக் தாங்கிக்கு வேண்டியது அமைதி. அழுக்கு அடியில் படியவும், கொழுப்பு மேலே மிதக்கவும், காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அதைத் தின்னவும் குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும். வெள்ளிக்கிழமையில் இருநூறு பேர் வருவார்கள். ஆளுக்கு 5 லீற்றர் என்றாலும் 1000 லீற்றர், அதுவும் அரை மணி நேரத்துக்குள். படிந்ததையெல்லாம் அது கலக்கி ஊறுகுழிக்குத் தள்ளிவிடும். மண்ணின் கண்கள் அடைபடும். ஹவுழ் இருந்த காலத்தில் அந்தத் தண்ணீர் கானில் ஓடித் தென்னைக்குப் போனது. ஹவுழை மூடி பைப் வரிசை வைத்தது நாங்கள்தான். (ஒரு முத்து, அதாவது முக்கால் லீற்றருக்கும் குறைந்த தண்ணீரில் நபிகளார் வுழூச் செய்ததை மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். பைப்பைத் திறந்துவிட்டுத்தான் சொல்லும்.)

இன்னொன்றும் இருந்தது. தாங்கி பாதி வேலைதான் செய்யும். நோய்க் கிருமியை வடிப்பது ஊறுகுழிக்குக் கீழே உள்ள உலர்ந்த மண். மாரியில் நிலத்தடி நீர் குழியின் அடிவரை ஏறிவிட்டால் வடிக்க மண் ஏது?

பீ.எச்.ஐ வந்து மாமியின் கிணற்று நீரை எடுத்துப் போனார். மலக்கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. நானே போய்ச் சொன்னேன். மாமி ஒரு வாளி அள்ளி என் முன்னால் வைத்தார். "மகன், தண்ணி கலங்கவுமில்ல, மணக்கவுமில்ல. ருசியும் மாறல்ல. என்ன குத்தம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிக்ஹில் நாம் படித்த மூன்று சோதனைகளையும் அந்தக் கிணறு தாண்டியிருந்தது. வுழூவுக்கு அது சுத்தமான தண்ணீரே. 1978இல் சவூதியின் மூத்த உலமாக்கள் சபை, முழுமையாகச் சுத்திகரித்து நிறம், மணம், சுவை மூன்றும் நீங்கிய கழிவுநீரால் வுழூச் செய்யலாம் என்று முடிவு தந்தபோதும், உடல்நலம் கருதி அதைக் குடிக்காமலிருப்பதே நல்லது என்றது. பாகாக்குவது வேறு, குடிக்க உதவுவது வேறு. எங்கள் வுழூத் தண்ணீரின் கதை இதற்கு மறுபக்கம். மீண்டும் வுழூவுக்கு ஆகாது. வாழைக்கு அதில் ஒரு குறையுமில்லை. அதைக் கொண்டுபோய் மலத்தோடு கலந்தேன்.

இப்போது வுழூக் கானை வேறாக்கி, கல்லும் மணலும் போட்ட வாய்க்கால் வழியாக வாழைப் பாத்திக்கு விட்டிருக்கிறோம். குழி பொங்குவதில்லை. ஆனால் அதை நகர்த்த வேறு காணி இல்லை. கிணற்றுக்கு 50 அடியாவது வேண்டும் என்கிறார் பீ.எச்.ஐ, பிறகு நான் அளந்தபோது 28 அடி.

அஸருக்குப் பிறகு என் மகன் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் மாமிக்குக் கொண்டுபோகிறான். மாமி அதில் தேநீர் ஊற்றுவார். வுழூவுக்கு மட்டும் தன் கிணற்றிலேயே அள்ளுகிறார்.