மாவிலாற்று வாய்க்காலும் அதன் ஆட்களும்

மாவிலாறு என்றதும் எல்லாருக்கும் 2006 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு ஜூலை மாதம் மூன்றாம் வார முடிவில் துருசுக் (மதகுக்) கதவு மூடப்பட்டது. ஆகஸ்ட் 8ஆம் திகதி அது மீண்டும் திறந்தது. இடையில் கழிந்த மூன்று வாரங்களுக்குள் இலங்கையின் கிழக்கில் போர் மறுபடி மூண்டுவிட்டது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட எந்தப் போர் வரலாற்றிலும் இந்தக் கதவுக்கு ஒரு பத்தி உண்டு. ஆனால் அந்தக் கதவடியிலிருந்து வடக்கு நோக்கி வாய்க்கால் ஓரமாக நடந்து போகிறபோது, மூடியவர் யார், திறந்தவர் யார் என்ற கேள்வி மெல்லப் பின்தங்குகிறது. கதவு திறந்தே கிடக்கும் மற்ற நாட்களில், மற்ற ஆண்டுகளில், இந்தத் தண்ணீரைக் கடைசி வயற்கண்டம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் யார் என்ற கேள்வியே காலடியில் வந்து நிற்கிறது. வாய்க்காலை ஒருமுறை வெட்டி முடித்த கட்டுமானமாக எண்ணிப் பழகிவிட்டோம். போகந்தோறும் புதிதாகச் செய்ய வேண்டிய ஒரு தொழில் அது, அந்தத் தொழிலுக்கென்று தேர்ந்த ஆட்கள் உண்டு, அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் மாவிலாற்று வரலாறு பாதி வரலாறு என்பதே நான் இங்கே நிறுவ விரும்புவது.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. ஒரு கிளை மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. தெற்கே இறங்கும் கிளைதான் வெருகலாறு. திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் எல்லை அதுவே. மாவிலாற்றில் மறிக்கப்படும் தண்ணீர் அங்கிருந்து வடக்கே திரும்பி, 1950களில் உருவான அல்லைக் குடியேற்றத் திட்டத்தின் வயல்களுக்குப் போகிறது. சேருவில, சேருநுவர, மூதூர்ப் பக்கங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இந்த ஒரே வாய்க்காலில் பயிர் செய்கிறார்கள். 2006இல் பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 15,000 குடும்பங்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் வெருகல், ஈச்சிலம்பற்று ஊர்களோ வாய்க்கால் போகும் திசைக்கு மறுபுறம் இருக்கின்றன. நாட்டின் மிக நீண்ட ஆற்றின் வாசலில் இருந்துகொண்டு குடிதண்ணீருக்குக் கோரிக்கை வைத்த ஊர்கள் அவை. 2006இல் கதவு மூடப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், அந்தப் பக்கத்துக்கு வாக்களிக்கப்பட்ட குடிநீர்த் திட்டம் வந்து சேராததும் ஒன்று. இந்த விவரத்தைப் போர் வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது மையமான விவரமாகப் படுகிறது.

இனி அந்தத் தொழில். கழிமுக நிலம் தட்டையானது. மலைநாட்டு வாய்க்காலில் தண்ணீரைச் சரிவே இழுத்துக்கொண்டு போகும். இங்கே சரிவு கண்ணுக்கே தெரியாது. ஆறு கொண்டுவரும் வண்டல் வேகம் குறைந்த இடத்தில் படியும். அரை அடி வண்டல் படிந்தால் போதும், அதற்குக் கீழேயுள்ள கண்டங்களுக்குப் போகும் நீரின் உயரம் குறைந்துவிடும். ஆற்றுவாழையும் சல்வீனியாவும் மேலே அடைத்துக்கொள்ளும். கரையில் புல் வேர்விட்டு வாய்க்காலுக்குள் இறங்கும். ஆகவே பெரும்போகத்துக்கு முன், வடகீழ்ப் பருவமழை இறங்குவதற்குள், வாய்க்கால் துப்புரவாக வேண்டும். மண்ணை வெட்டித் தூக்குகிறவருக்கு எவ்வளவு வெட்டுவது என்ற கணக்கு வேண்டும். குறைத்து வெட்டினால் தண்ணீர் தேங்கும். கூட்டி வெட்டினால் நீர்மட்டம் கிளை வாய்க்காலின் வாய்க்குக் கீழே இறங்கி, பக்கத்து வயல் காய்ந்து கிடக்கத் தண்ணீர் அதைத் தாண்டி ஓடிவிடும். கட்டில் நண்டு துளைத்த வளை எது, எலி துளைத்தது எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். வெளிப்புறச் சரிவில் கசியும் நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பது அதைவிட முக்கியம். தெளிந்த கசிவை ஓரளவு பொறுக்கலாம். கலங்கி வந்தால் கட்டின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள், அன்றிரவு தூங்கக் கூடாது. கதவைத் திருகுவதிலும் இதே நிதானம்தான். மேலே ஒரு சுற்றுத் திறந்தால் கீழே எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு ஏறும் என்பது அந்த வாய்க்காலோடு பல போகம் பழகியவருக்கே தெரியும். இவ்வளவும் தெரிந்தவரைக் கூலியாள் என்று மட்டும் பதிவேட்டில் எழுதுகிறோம். தச்சருக்கும் கொல்லருக்கும் தொழில் அறிவு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் நாம், தண்ணீரை வழிநடத்துபவரிடம் உடலுழைப்பை மட்டுமே காண்கிறோம்.

இந்தத் தொழில் சட்டத்தின் கண்ணில் பட்டும் படாமலும் இருந்து வந்த கதை நீளமானது. 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அது ஒழிய வேண்டிய கொடுமைதான், அதில் ஐயமில்லை. ஆனால் குளக்கட்டையும் வாய்க்காலையும் பேணிய உழைப்பும் அந்த ஊழியத்துக்குள்தான் அடங்கியிருந்தது. ஊழியத்தை நீக்கிய அரசு, அந்த வேலையை இனி யார் செய்வது, யார் கூலி கொடுப்பது என்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, ஆளுநர் ஹென்றி வோர்டின் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய ஊர் வழக்கங்களைத் தேடிப்பிடித்துச் சட்டமாக்கியது. வயலுடையோர் கூடி விதி வகுக்கலாம், அதை நடத்த ஒருவரை நியமிக்கலாம் என்றது. கிழக்கில் வட்டவிதானை என்று சனங்கள் அழைக்கும் ஆள் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் வந்தது. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் விதானைமாரை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்று இருப்பவை கமக்காரர் அமைப்புகள். பெயர்கள் இத்தனை முறை மாறியும், வாய்க்கால் ஓரம் நடந்து முறை பார்த்துத் தண்ணீர் விடும் ஒருவர் இல்லாமல் எந்தச் சட்டமும் ஒரு போகத்தைக்கூடக் கடந்ததில்லை. ஸ்பெயினின் வலென்சியாவில், தேவாலய வாசலில் வியாழன்தோறும் கூடித் தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே தீர்க்கும் உழவர் மன்றத்தை யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. போகத்துக்கு முன் கூடும் நம்முடைய ஆரம்பக் கூட்டங்களில் நடப்பதும் அதே வகை அறிவின் வேலைதான். இங்கே அது கூட்ட அறிக்கைக்குள் ஒடுங்கிப் போகிறது.

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் மதிலில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. தெற்கு மதில் கயிலாய வன்னியனாரின் உபயம் என்று அது பதிந்து வைத்திருக்கிறது. வேறு பக்கங்களுக்கு வேறு உபயகாரர்கள். மதிலை ஒருவரே கட்டிக் கொடுத்திருக்கலாம், பங்கு பிரித்ததில் ஒரு பொருள் இருக்கிறது. வாய்க்கால் துப்புரவிலும் இதுவே வழக்கம்: காணியின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் இத்தனை பாகம் வாய்க்கால். பொதுக் காரியத்தைப் பக்கம் பக்கமாகப் பகிர்ந்து, அவரவர் பங்குக்கு அவரவரைப் பொறுப்பாக்கும் மனப்பழக்கம் இந்த மண்ணில் பழையது. மதிலுக்குப் பெயர் வெட்டிவைத்தவர்கள் வாய்க்காலுக்கு வெட்டிவைக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் இந்தக் கோயிலில் தங்கி ஆற்றைக் கடப்பது வழக்கம். பாலம் வருவதற்கு முன் அக்கரை போகப் பாதை ஏறத்தான் வேண்டியிருந்தது. கிழக்கில் பாதை என்றால் வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவைப் படகு என்பது வெளியூர் வாசகருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பாதையை இழுத்தவர்களும் பதிவில்லாமல் போன தண்ணீர்த் தொழிலாளர்தாம்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பை நான் அறிவேன். வெருகலாறு 2004 ஏப்ரலில் பெரிய வெள்ளியை ஒட்டி, பிளவுபட்ட விடுதலைப் புலிகள் இயக்கத்துச் சகோதரர்களே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட ஆறு. மாவிலாறு ஆயிரக்கணக்கானோரை ஊர் ஊராகத் துரத்திய போரின் வாசல். இரத்தம் காயாத இடத்தில் வண்டலையும் நண்டு வளையையும் பேசுவது, அரசியலை மறைக்கும் வேலை ஆகாதா? ஆகாது என்றே சொல்வேன், காரணமும் அந்த 2006இலேயே இருக்கிறது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கதவு திறந்து தண்ணீர் வடக்கே ஓடியபோது, மூதூர் மக்களில் பெரும்பாலானோர் கந்தளாயிலும் கிண்ணியாவிலும் அகதிகளாக இருந்தார்கள். ஈச்சிலம்பற்றுப் பக்கத்துத் தமிழ்ச் சனங்கள் அடுத்த மாதங்களில் ஆற்றைக் கடந்து வாகரைக்கும் அங்கிருந்து மேற்கேயும் ஓட நேர்ந்தது. ஊர் திரும்புதல் 2007இல்தான் தொடங்கியது. தண்ணீர் வந்தது, வாங்கி வயலில் விட ஆள் இல்லை. ஒரு கதவுக்கு அத்தனை ஆயிரம் பேரின் வாழ்வைப் பிடித்து நிறுத்தும் வல்லமை எங்கிருந்து வந்தது? அதற்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த உழைப்பிலிருந்துதான். அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காதவருக்கு, கதவு மூடியதன் கொடுமையும் முழுதாகப் புரியாது, மறுபுறத்தில் குடிதண்ணீர் கேட்டவர்களின் மனக்குறையும் புரியாது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் நூறு பேரின் வேலையை ஒரு நாளில் முடித்துவிடுகிறது, இளையவர்கள் மண்வெட்டி பிடிக்க விரும்புவதில்லை, இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது? இயந்திரத்துக்கு நான் எதிரி அல்லன். முதுகு ஒடிய வண்டல் சுமப்பது பெருமைப்பட வேண்டிய மரபு என்று எவர் சொன்னாலும் ஏற்க மாட்டேன். ஆனால் வாளியை எங்கே இறக்குவது, எங்கே நிறுத்துவது என்று இயந்திரம் ஓட்டுபவருக்கு ஒருவர் காட்டித்தர வேண்டும். அந்த ஆள் அருகில் இல்லாமல் ஆழ வெட்டிய வாய்க்காலில் வயலின் வாய் மேலே தொங்கும், கட்டின் அடி பலமிழக்கும். ஆட்களை இழந்த நீர்வழிக்கு என்ன நேரும் என்பதற்குச் சென்னைப் பக்கிங்காம் கால்வாய் சாட்சி. 1806இல் எண்ணூர்வரை வெட்டத் தொடங்கிய அந்தக் கால்வாயின் ஒரு பகுதி, 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களின் கைகளால் வெட்டப்பட்டது. ஆந்திரக் கரையிலிருந்து உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் வந்தன. படகோட்டிகளும் கரை பேணியவர்களும் போன பிறகு நகரத்துக்குள் அது சாக்கடையாயிற்று. வெட்டிய பள்ளம் மட்டும் இன்றும் கிடக்கிறது.

பழைய விதானை முறை நீதியானதா என்று கேட்பவர்களுக்கும் பதில் கடன்பட்டிருக்கிறேன். நீதியானது என்று சொல்ல முடியாது. பெருநிலக்காரரான போடியாரின் வயலுக்கு முதல் தண்ணீர், கடைக்கண்டத்து ஏழைக்கு மிச்சம் என்ற குறை பொய்யில்லை. 1958இன் சட்டம் சும்மா வரவில்லை. தலைப்பிலுள்ளவன் மடையை இரவில் அகலத் திறப்பதும், கடைசியிலுள்ளவன் விடிய விடிய வரம்பில் காவல் இருப்பதும் இன்றைக்கும் ஓயாத வழக்கு. ஆனால் பதவியின் முறைகேட்டுக்காக அதற்குள் இருந்த அறிவையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம் என்பதே என் குறை. தண்ணீர் விடுபவரை வயலுடையோர் கூட்டம் தெரிவு செய்யட்டும், கணக்குக் கேட்கட்டும், தவறினால் நீக்கட்டும். அவருக்கு நெல்லாக எப்போதாவது அளப்பதை விட்டு, மாதச் சம்பளம் கொடுக்கட்டும். அவருக்குத் தெரிந்த நீர்மட்டக் குறிப்புகள் அவர் தலையோடு போகாமல் ஒரு கொப்பியில் ஏறட்டும்.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து பல உயிர்கள் போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மகாவலி பெருகியபோது மாவிலாற்றின் கட்டும் உடைந்தது. வெருகல், சேருவில, மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் சனங்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். வறட்சியில் தண்ணீர் வடக்கே போகிறது, வெள்ளத்தில் தெற்கும் சேர்ந்து மூழ்குகிறது. ஆறு நிரம்பி வருவதை முதலில் காண்பவர்களில் வெருகல் பாலத்தடியில் தோணி கட்டுபவர்களும் இருக்கிறார்கள். முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைபட்டிருக்கிறதா, வெட்டிவிட வேண்டுமா என்பதும் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். முகத்துவாரம் அடைபட்டால் தண்ணீர் பின்னோக்கி ஏறும், கட்டின் மேல் பாரம் கூடும். அடுத்த பெரும்போகத்துக்கு மாவிலாற்றுத் தண்ணீரைப் பற்றி ஆரம்பக் கூட்டம் கூடும்போது, அல்லை வயல்காரர்களோடும் திணைக்களத்தாரோடும் ஈச்சிலம்பற்று, வெருகல் முகத்துவாரப் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு கதிரை போட வேண்டும். அன்று காலை பாலத்தடியில் ஆறு எத்தனை அடி நின்றது என்று அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.