முப்பத்தாறு படம்

உலகத்தில் இன்று படம் பிடிக்கத் தெரியாதவர் என்று எவருமில்லை. பால்காரர் பிடிக்கிறார், பால் வாங்க வந்த குழந்தையும் பிடிக்கிறது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் சமயத்தில் மணமக்களைப் பார்க்க முடிவதில்லை. அவர்களுக்கு முன்னால் உயர்ந்திருக்கும் கைப்பேசிகளைத்தான் பார்க்கிறோம். இப்படிப்பட்ட காலத்தில், நாற்பத்தாறு வயதான பள்ளிக்கூட உபாத்தியாயராகிய நாம், படம் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கென்று பணம் கட்டிப் புதுச்சேரிக்குப் புறப்பட்டால், வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"பித்தானை அமுக்குவதற்குக்கூடவா பள்ளிக்கூடம்?" என்று கேட்டாள் நம் இல்லத்தரசி.

நாம் பதில் சொல்லவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கமாயிருந்தது. சென்ற வருஷம் மாணவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்று, நானூறுக்குக் குறையாமல் படங்கள் எடுத்து வந்தோம். கூட வர இயலாத பிள்ளைகளுக்கு அவற்றை ஒவ்வொன்றாய்க் காட்டினோம். இருபது நிமிஷம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து, "ஸார், அங்கே என்னதான் நடந்தது?" என்று கேட்டான். நானூறு படங்களிலும் அதற்கு விடை இல்லை. பிரயாணச் செலவுக்குப் பணமில்லாததால் வராதிருந்த பையன் அவன். அந்தக் கேள்வி நம்மை ஒரு வருஷம் தூங்கவிடவில்லை.

ஆகவே, பிரயாணப் படங்கள் எடுப்பதையும், படங்களால் கதை சொல்வதையும் மூன்று நாளில் கற்பிக்கும் முகாம் ஒன்று புதுச்சேரியில் நடக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னதும் பெயரைக் கொடுத்துவிட்டோம்.

முகாமில் பதினொரு பேர். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், வைத்தியம் படிக்கும் மாணவி ஒருத்தி, பெங்களூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதிகள், இன்னும் பலர். எல்லோரிடமும் காமிராக்கள்; சில காமிராக்களின் மூக்கு, சொந்தக்காரரின் முழங்கை அளவு நீண்டிருந்தது. நம்முடையது மைத்துனனிடம் இரவல் வாங்கியது. ஆசிரியைக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். இருபது வருஷமாகப் பலகைக்கு முன்னால் நின்று பழகிய நாம், முதல் தடவையாகப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். நம் மாணவர்கள் ஏன் நெளிகிறார்கள் என்பது பத்தே நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

ஆசிரியை மூன்று சட்டங்களை விதித்தார். ஒரு நாளைக்கு முப்பத்தாறு படங்களுக்குமேல் எடுக்கக் கூடாது. எடுத்த எதையும் அழிக்கக் கூடாது. மஞ்சள் சுவர் பக்கமே போகக் கூடாது.

மஞ்சள் சுவர் என்ன குற்றம் செய்தது என்று கேட்கிறீர்களா? புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதித் தெருக்களில் காவிமஞ்சள் பூசிய சுவர்களும், அவற்றின்மேல் கவிந்த காகிதப்பூக் கொடிகளும் பிரசித்தமானவை. ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுவரில் சாய்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். சுவருக்குப் பின்னால் ஓர் ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

முப்பத்தாறு என்ற கணக்குக்கும் சரித்திரம் உண்டு. பிலிம் சுருள் இருந்த காலத்தில், கைக்கடக்கமான காமிராவில் போடும் சுருளுக்கு முப்பத்தாறு படங்கள்தாம். அப்படி ஒரு சிறு லைக்கா காமிராவுடன் இந்த ஊருக்கு வந்தவரைப் பற்றி ஆசிரியை சொன்னார். அவர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1948-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துத் திரும்பியவர். பிறகு, தேசம் அழுததையெல்லாம் படமாக்கியவர். 1950-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி ரமண மகரிஷி சமாதியடைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதக் கடைசியில் புதுச்சேரிக்கு வந்து, ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். ஏறக்குறைய முப்பது வருஷமாக அரவிந்தர் படம் எடுக்க இடம் கொடுத்ததில்லை. அன்று நாற்காலியில் ஆடாமல் அசையாமல், கண் இமைக்காமல் வீற்றிருந்தாராம். அவ்வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். அந்தப் படங்களின் மூலப் பிரதிகளை ஆசிரமமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.

"அவர் 1952-இல் வெளியிட்ட புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் 'தீர்மானமான கணம்' என்று பொருள்படும் பெயர். ஆனால் பிரெஞ்சுப் பெயர் வேறு. உரிமம் இல்லாமல் தெருவோரத்தில் கடை பரப்பி, காவலரைக் கண்டால் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவனைப் பற்றிச் சொல்லும் சொல் அதில் வருகிறது. அவசரம், திருட்டுத்தனம் இரண்டும் அதற்குள் உண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆசிரியை. நாம் குறித்துக்கொண்டோம். குறித்துக்கொள்வது வேறு, ஞாபகத்தில் வைத்துக்கொள்வது வேறு என்பதை மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்.

முதல் நாள் விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்குப் போனோம். வண்டிகள் ஓடாத வேளை. காந்தி சிலையைச் சுற்றிய கருங்கல் தூண்களுக்கு அப்பால் கடலிலிருந்து சூரியன் புறப்பட்டான். நாம் மெய்ம்மறந்தோம். மெய் திரும்பியபோது முப்பத்தாறில் முப்பது தீர்ந்திருந்தது. மீதி ஆறைக் கருமியின் காசைப்போலக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் அலைந்தோம். மாலையில் எல்லோர் படங்களையும் திரையில் காட்டினார்கள். நம்முடைய முப்பது சூரியன்களும் வரிசையாய் உதித்தன. "ஸார், உங்கள் ஊரில் சூரியன் உதிப்பதில்லையா?" என்று மட்டும் கேட்டார் ஆசிரியை. வங்கி அதிகாரி சிரித்தார். அடுத்து அவருடைய இருபத்தெட்டுச் சூரியன்கள் வந்தன. நாமும் சிரித்தோம்.

மறுநாள் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே தமிழர் பகுதிக்குள் நுழைந்தோம். இங்கே தெருவை நோக்கிய தாழ்வாரமும் திண்ணையும் வைத்துக் கட்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. வெளிச்சத்தைப் பற்றிய பாடம் தெருவிலேயே நடந்தது. புதுச்சேரித் தெருக்கள் சதுரங்கக் கட்டங்களைப்போல அமைந்தவை. கிழக்கு மேற்காகச் செல்லும் தெருவில் காலை வெயில் கடலிலிருந்து நேரே ஓடி வந்து ஒவ்வொரு கல்லுக்கும் நீண்ட நிழல் தருகிறது. வடக்குத் தெற்கான தெருவிலோ ஒரு சாரி பளபளக்க, எதிர்ச்சாரி நிழலில் உறங்குகிறது. அந்த நிழலில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்துக்கு, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் மெல்லிய ஒளி கிடைக்கிறது. "திண்ணையைக் கட்டியவர்கள் காமிராவைக் கண்டதில்லை, ஆனால் முகத்துக்கு ஏற்ற வெளிச்சம் எது என்று அறிந்திருக்கிறார்கள்" என்றார் ஆசிரியை.

பிறகு கூபேர் மார்க்கெட்டுக்குள் பிரிந்து போனோம். மீன் விற்கும் பகுதியில் வெளிச்சம் குறைவு. ஷட்டர் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் ஓடும் கை புகையாய்க் கரையும். ஐந்நூறில் ஒரு பங்கானால் கத்திமுனையில் தெறிக்கும் செதில்கூட அந்தரத்தில் நிற்கும். அறுபது வயதிருக்கும் அம்மாள் ஒருவர் மீன் அரிந்துகொண்டிருந்தார். எதையோ நினைத்து அவர் முகம் வாடியது. அதுதான் தீர்மானமான கணம் என்று நமக்குத் தோன்றிற்று. அமுக்கினோம்.

"ஏன்யா, யாரைக் கேட்டு எடுத்தே?"

மார்க்கெட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாம் உளறினோம். "நான் ஒரு வாத்தியார் அம்மா..." என்று ஆரம்பித்ததுதான் பெரும் பிசகாய் முடிந்தது.

"வாத்தியாரா? அடுத்தவங்க பொருளைக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றதில்லையா?"

அக்கம்பக்கத்திலிருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமும் நாம் வழங்கிய தண்டனைகள் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு கணத்தில் நமக்குத் திரும்பி வந்தன. படத்தை அவரிடம் காட்டி, அவர் எதிரிலேயே அழித்தோம். எண்ணிப் பார்த்தால் அது அருமையான படம்.

மாலையில் நம் கணக்கில் ஒன்று குறைந்தது. நடந்ததைச் சொன்னோம். அழிக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறியதற்கு ஆசிரியை கோபிக்கவில்லை. "படக் கதைக்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், கை செய்யும் வேலை வேண்டும், ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவு வேண்டும், ஒரு முடிவு வேண்டும். உங்களிடம் உறவைத் தவிர எல்லாம் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணி வரையில் காமிராவைப் பையிலிருந்து எடுக்காமல் அங்கேயே போய் இருங்கள்" என்றார்.

போனோம். மீன் வாங்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை; ஆனால் சும்மா நிற்பதற்கு முகமில்லை. ஒரு கிலோ சங்கரா வாங்கினோம். (பிறகு அதை ஜாகையின் சமையற்காரரிடம் சேர்த்தோம்.) அந்த அம்மாள் நம்மை அடையாளம் கண்டுகொண்டு, "பொட்டி எங்கே வாத்தியாரே?" என்று கேட்டார். "பைக்குள் இருக்கிறது, நீங்கள் சொன்னால் எடுப்பேன், இல்லாவிட்டால் இல்லை" என்றோம். ஒரு பலகையை நம் பக்கம் தள்ளினார்.

அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் கேட்டவை பல. ஒன்றை மட்டும் சொல்லுகிறோம். அவர் கணவர் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. வீட்டில் மாலை போட்டு வைப்பதற்கு, அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கினார்களாம். "பெருசாக்கினதுல கண்ணு அழிஞ்சு போச்சு வாத்தியாரே. வெள்ளைக்காரங்க, நம்ம ஊருக்காரங்கன்னு எம்மாம் பேரு என்னைப் படம் புடிச்சிட்டுப் போயிருக்காங்க! ஒருத்தராவது ஒரு படத்தைக் கொண்டாந்து குடுத்ததில்லை. நாளைக்கு நானும் அட்டையில இருக்கிற மூஞ்சியாத்தான் சுவத்துல தொங்கணும்."

நேற்று அவர் முகம் எதனால் வாடியது என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பத்து மணி கடந்ததும், "சரி, இப்போ எடு" என்றார். ஆனால் கத்தியோடும் மீனோடும் அல்ல. கூடையை மூடினார். கையையும் முகத்தையும் கழுவினார். கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார். பக்கத்துக் கடைக்காரர் ஒரு முழம் பூ கொடுத்தார். வாசலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் முக்காலியைப் போட்டு, இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, நிமிர்ந்து, இமைக்காமல் நம்மைப் பார்த்தார். நாம் ஒரே ஒரு படம் எடுத்தோம்.

நம் தாத்தா காலத்து ஸ்டூடியோப் படங்களில் இருக்கும் நிமிர்வு அது. இவ்வூரிலேயே 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிக் காப்பாற்றும் பணி நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட படங்களில் யாரும் சிரிப்பதில்லை. அசட்டுத்தனம் என்று முன்பெல்லாம் நினைத்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை. நம் கண்ணுக்கு அகப்பட்ட முகம் ஒன்று. அவர் தம் சந்ததிக்கு விட்டுப் போக விரும்பிய முகம் வேறு. மகானானாலும் மீன் விற்பவரானாலும், எந்த முகத்தைத் தருவது என்று தீர்மானிக்கும் உரிமை அவரவர்க்கே உண்டு.

அன்று மாலை ஒன்பது படங்களை வரிசைப்படுத்திக் காட்டினோம். கடைசியில் அந்தப் படம். ஆசிரியை வெகுநேரம் பேசாமலிருந்து, "இதைப் பிரதி எடுத்துக் கொடுக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். அன்றிரவே கடையில் பெரிதாக அச்சிட்டு, மறுநாள் காலையில் பஸ் ஏறுமுன் கொண்டுபோய்க் கொடுத்தோம். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "கண்ணு நல்லாத் தெரியுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஈரம் படாத இடமாய்த் தேடி வைத்தார்.

ஊர் திரும்பி, வகுப்பில் அந்த ஒன்பது படங்களைக் காட்டினோம். சென்ற வருஷம் கேள்வி கேட்ட பையன் முதல் வரிசையில் இருந்தான். இம்முறை, 'என்ன நடந்தது' என்று அவன் கேட்கவில்லை. நாம் உள்ளூரப் பெருமிதம் கொண்டோம். கடைசிப் படம் வந்ததும் எழுந்தான்.

"ஸார், அந்தப் பாட்டி பேர் என்ன?"

நாம் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் மறுபடியும் புதுச்சேரிக்குப் போகிறோம். காமிராவை மைத்துனனிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.